நான்காவது கோர்வை

ரோதியோன் குனிந்து சறுக்குக் காலணிகளின் கத்திகளுக்கு ரப்பர் உறை மாட்டினான். அரங்கம் இன்னும் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. பனியின் மேல் பொம்மைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன, கரடிகள், முயல்கள், யாரோ வீசிய ஒரு பூசணிக்காய் அளவு ஆந்தை. தடுப்புச் சுவரின் வாசலில் தமாரா லவோவ்னா கைகளை விரித்து நின்றார். பதினான்கு வருஷமாக அவனுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவனைக் கட்டிப்பிடித்தது இதுவரை இரண்டே முறை, ஒன்று அவன் அப்பா செத்த அன்று, இன்னொன்று விமான நிலையத்தில், அதுவும் அவனை வேறு யாரோ என்று நினைத்து. இப்போது மூன்றாவது. "ரோத்யா, ரோத்யா, என் கழுதையே, நிக்கிறியா, கால் நிக்குதா?" என்று காதுக்குள் கேட்டார். கால் நிற்கிறது என்றான். இடுப்புக்குள் மதியம் போட்ட ஊசியின் மரப்பு மெல்ல விலகி அதற்கடியில் பழைய வலி, வாடகை வீட்டுக்காரன் திரும்பி வருவதுபோல, சாவி போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வந்தது. அவருடைய கம்பளிக் கோட்டில் நாப்தலின் வாசனை. அவர் தோளில் தாடையை வைத்தபடி மேலே தொங்கிய பெரிய திரையைப் பார்த்தான். அதில் அவனுடைய கடைசித் தாவலை மெதுவாக ஓட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏறுகிறான், சுழல்கிறான், இறங்குகிறான், இறங்கிய காலாலேயே உடனே இன்னொரு தாவல். சுத்தமாக இருந்தது. பயிற்சியில்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அதற்குக் கிடைக்கப்போவது சைபர்.

அது அவனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, அதுதான் இப்போது இருக்கிற ஒரே விஷயம். ஒரு தாவலில் இறங்கியதும் அதே வேகத்தில் இன்னொன்றைச் சேர்த்துச் செய்தால் அது கோர்வை. ஒரு ஆட்டத்தில் மூன்று கோர்வைக்குத்தான் அனுமதி. நான்காவதாக ஒன்றைச் செய்தால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் கணினி அதன்மேல் கோடு போட்டுவிடும், சேர்த்ததை மட்டுமல்ல, முதல் தாவலையும் சேர்த்து. ஏழு வயதில் பனிக்கு வருகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னால் இதைத்தான் படிக்கிறார்கள். அவன் நான்கு செய்துவிட்டான். ஒலிம்பிக்கில். ஆறு புள்ளி, அதற்குமேல் தசமத்தில் என்னவோ. அந்த ஆறு இல்லாமல் வெண்கலம் வராது, மேடையில் நிற்கப்போகிற மூன்றாவது ஆளை அவன் தாண்ட முடியாது, கடைசியாக ஆடியவன் அவன்தான், அவனுக்குப் பிறகு தப்புச் செய்து அவனை மேலே தள்ளிவிட இனி யாருமே இல்லை.

மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கிற பெஞ்சுக்கு முத்தமும் அழுகையும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, முத்தத்தை முதலில் போட்டிருக்கிறார்கள். வெள்ளை பெஞ்ச், பின்னால் பிளாஸ்டிக் பூக்கள், எதிரே சிவப்பு விளக்கு எரிகிற கேமரா. உட்கார்ந்ததும் தமாரா லவோவ்னா தன் கையை எடுத்து அவன் முழங்கால்மேல் வைத்தார். கனமாக, சூடாக இருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல். நகங்களில் இன்றைக்கென்று பூசிய சாயம், ஓரத்தில் கொஞ்சம் தோல்மேலும் பட்டிருக்கிறது, அவருக்குப் பூசிக்கொண்டு பழக்கமில்லை. இந்த இரண்டு விரல்கள்தான். நான்கு நிமிஷத்துக்கு முன்னால், இல்லை, நான்குகூட இருக்காது, கடைசி மூலையில் தடுப்புச் சுவரை ஒட்டி அவன் பின்பக்கமாகச் சறுக்கி வந்தபோது அந்த இரண்டு விரல்களும் மேலே நின்றன. சேர். அதுதான் அதற்கு அர்த்தம். கை முஷ்டியாக மூடியிருந்தால் தாங்கு. உள்ளங்கை கீழே பார்த்தால் நிதானம். இரண்டு விரல் என்றால் சேர். பெர்ம் நகரத்து அரங்கத்தில் ஒரே பனியை ஹாக்கிப் பையன்களோடு பங்கு போட்டுக்கொண்டு பழகிய காலத்தில் அவர்கள் மட்டையால் பலகையில் அடிக்கிற சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது, அதனால் தமாரா லவோவ்னா கையால் பேசக் கற்றுக்கொண்டார், அவன் கண்ணால் கேட்கக் கற்றுக்கொண்டான். பதின்மூன்று வயதிலிருந்து. அந்தக் கை எதைச் சொன்னாலும் உடம்பு செய்துவிடும், தலையைக் கேட்காது. தலை எண்ணி வைத்திருந்தது, அதுதான் கொடுமை. முதல் தாவலில் இறங்கும்போது தடுமாறிவிட்டது, அங்கே சேர்க்க வேண்டியதைச் சேர்க்க முடியவில்லை. உடனே மூன்றாவது தாவலில் தானாகவே சேர்த்துவிட்டான், அது ஒன்று. பிறகு திட்டப்படி நான்காவதில் இன்னொன்று, ஆறாவதில் இன்னொன்று. மூன்று முடிந்தது. முடிந்தது, இனி ஒற்றையாகத் தாவி இறங்கிவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அந்த மூலைக்கு வந்தான். விரல்கள் நின்றன. முதல் தாவலில் விட்டுப்போனதை மட்டும் அவர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார், மூன்றாவதில் அவன் சேர்த்ததைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்காமல் போனார்? குனிந்தாரா, கண்ணை மூடிக்கொண்டாரா, அவருக்கும் ஐம்பத்தைந்து வயதாகிறது, ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். அவர் சேர் என்றார், உடம்பு சேர்த்தது, காற்றில் இருக்கும்போதே தலை வேண்டாம் வேண்டாம் என்றது, காற்றில் இருக்கிறவனுக்கு வேண்டாம் என்பதற்கு வழி ஏது.

"தண்ணி குடி" என்றார் தமாரா லவோவ்னா. குடித்தான். "மெதுவா. டிவியில பாக்குறாங்க, ஒட்டகம் மாதிரி குடிக்காதே." அவன் சிரித்தான், நிஜமாகவே சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியாது என்று சின்னப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள், கீழ்வரிசையில் ஒரு பல் தங்கம் என்பது அவனுக்கே இன்றுதான் தெரிகிறது. இத்தனை வருஷம் அந்தப் பல் எங்கே இருந்தது. அம்மா இந்நேரம் பால்கனியில் நிற்பாள். அங்கே காலை. அவன் ஆடும்போது அவளால் பார்க்க முடியாது, கோட்டை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், எத்தனை பெரிய வரிசை வந்தாலும் அசையாதவள். முடிந்ததும் பக்கத்து வீட்டு ஸோயா கண்ணாடியைத் தட்ட வேண்டும். விழுந்தால் ஒரு தட்டு, விழாவிட்டால் இரண்டு. இப்போது ஸோயா இரண்டு தட்டியிருப்பாள். விழவில்லையே. அம்மா உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் நின்று, முகத்தை மூடியிருந்த கையை எடுத்துவிட்டு, மகன் சிரிப்பதையும் தமாரா சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேர் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஸோயாவையும் சேர்த்தால். அவன் நாட்டில் இன்னும் எத்தனை பேர், தொழிற்சாலை கேன்டீன்களில், ஆஸ்பத்திரி வார்டுகளில், சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார்களோ. அவன் ஒருவனிடம்தான் செய்தி இருக்கிறது.

மதிப்பெண் வரவில்லை. நடுவர்கள் எதையோ திரும்பப் பார்க்கிறார்கள். "நல்லதுதான்" என்றார் தமாரா லவோவ்னா உதடு அசையாமல், கேமராவுக்கு எதிரே பேசிப் பேசி அவர் அப்படிப் பேசக் கற்றிருந்தார். "ஐந்தாவது தாவல்ல கத்தியோட சரியான விளிம்புல இருந்து எழும்பினியான்னு பாக்குறாங்க. அது சுத்தம். நான் பாத்தேன். பாக்கட்டும், பாக்கட்டும்." ஐந்தாவதைப் பார்த்திருக்கிறார். மூன்றாவதைத்தான் பார்க்கவில்லை. மூன்றாவதின்போது என்ன நடந்தது என்று அவன் யோசித்தான், இப்போது யோசித்து என்ன பயன் என்றும் யோசித்தான், ஆனாலும் அது நாக்கில் மாட்டிய மீன்முள்போல அங்கேயே நின்றது. மூன்றாவது தாவல் எதிர்ப்பக்கக் கோடியில். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் யார் நின்றார்கள்? கெனாதி ஸ்தெபானவிச். ஆமாம். விளையாட்டு ஆணையத்திலிருந்து வந்த அதிகாரி, சாம்பல் நிறக் கோட்டு, எப்போதும் யாருடைய காதுக்காவது குனிந்துகொண்டே இருக்கிறவர். முதல் தாவல் தடுமாறியதும் வந்து ஏதாவது சொல்லியிருப்பார். அவர் சொல்வது எப்போதும் ஒரே விஷயம்தான். இங்கே விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் பயிற்சி அரங்கத்து நடையில் அவனை நிறுத்தி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களைக் காட்டினார். ஒலிம்பிக்கில் ஜெயித்த நம் ஆண்கள், ஒருவருக்கு அடுத்து ஒருவர், ஒரு விளையாட்டுக்கு அடுத்து ஒரு விளையாட்டு, தொழிற்சாலையில் செய்து அனுப்பியதுபோல. கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. "இந்த ஆணி எட்டு வருஷமா இருக்கு, ரோதியோன். துருப் பிடிச்சிடுச்சு. தங்கம் கேக்கல, வயசுக்கு மீறி யாரும் உன்னைக் கேக்கல. ஏதாவது ஒரு நிறத்துல கொண்டு வா. வெறுங்கையோட வந்தா தமாராவோட குழு அரங்கத்துல பழகுற பனி நேரம் வேற ஆளுக்குப் போயிடும், நான் தடுக்க முடியாது. உனக்கென்ன, நீ எப்படியும் ஓய்வு பெறப் போற. தமாராகிட்ட பழகுற அந்தப் பதினோரு பிள்ளைங்களை நினைச்சுப் பாரு." அவன் நினைத்துப் பார்த்தான். அன்றிலிருந்து நினைத்துக்கொண்டேதான் இருக்கிறான், காற்றில் ஏறும்போதுகூட அந்தப் பதினோரு பேரும் முதுகுப் பையில் இருப்பதுபோல. பத்தொன்பது வயதில் முதல் ஒலிம்பிக்குக்குப் போனபோது இவ்வளவு கனமில்லை. பதினோராம் இடம் வந்தான், திரும்பி வந்ததும் ஒரு பத்திரிகை அவன் படத்தைப் போட்டு இவன் யார் என்று தலைப்பு வைத்தது, நல்ல கேள்வி என்று அம்மா வெட்டி வைத்துக்கொண்டாள். இருபத்துமூன்றில் இடுப்பு. ஒரு வருஷம் படுக்கை. எல்லோரும் போய்விட்டார்கள், மருத்துவர்கூட வேறு ஊருக்குப் போய்விட்டார். தமாரா லவோவ்னா மட்டும் செவ்வாய்க்கிழமைதோறும் டிராமில் வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவன் படுத்தபடி இசையைக் கேட்டுக் கைகளை மட்டும் அசைத்துக் காட்ட வேண்டும் என்று அதட்டிவிட்டுப் போவார். கைகள் சரியில்லை ரோத்யா. அது ஆள் கை மாதிரி இல்லை, துடுப்பு மாதிரி இருக்கு.

இதற்கு முன்பு அவருடைய மாணவர்களில் இரண்டு பேர் இந்த பெஞ்சுக்கு வந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் மேடைக்கு ஏறாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். தமாரா பழக்குவாள், பதக்கம் வேறு யாராவது வாங்குவார்கள் என்று பேச்சு. மதிப்பெண் விவரத்தாள் வந்ததும் எல்லோரும் பார்ப்பார்கள். நான்காவது கோர்வை, சைபர். வீடியோ இருக்கிறது. தடுப்புச் சுவரில் எந்தப் பக்கத்திலிருந்து யார் கையைத் தூக்கினார்கள் என்பதும் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அவன் முகத்துக்குத்தான் கேமரா பிடிப்பார்கள், அவர் கைக்கு யார் பிடிக்கப்போகிறார்கள். கெனாதி ஸ்தெபானவிச் பார்த்திருப்பாரா? அவர் பனியைப் பார்க்கிறவர் இல்லை. பார்த்திருக்க மாட்டார். அப்படியானால் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இந்தத் தவறை அவர் மேல் போட்டால் அவர் முடிந்தார், பிள்ளைகள் வேறு ஆளுக்குப் போவார்கள், எண்ணத் தெரியாத தமாரா என்று சாகும்வரை சொல்வார்கள். அவன் மேல் போட்டால்? ஓய்வு பெறப்போகிற ஒரு ஆட்டக்காரன் கடைசி நிமிஷத்தில் தலை சுற்றி எண்ண மறந்தான். வருத்தப்படுவார்கள், நாலு நாள் திட்டுவார்கள். அவனுக்கு வாழ்க்கை முழுக்க அந்தத் திட்டு இருக்கும், ஆனால் பனி நேரத்தைப் பிடுங்கப் பயிற்சியாளரின் தவறு என்று ஒரு காரணம் அவர்களுக்குக் கிடைக்காது. இவ்வளவு தெளிவாக யோசிக்கிறோமே என்று ஆச்சரியப்பட்டான். உடனே அந்தத் தெளிவுக்கு அடியிலிருந்து வேறொன்று, அழுக்கான ஒன்று, வெதுவெதுப்பாக மேலே வந்தது. என்னுடைய வெண்கலம். என்னுடையது. நான் எண்ணினேன், சரியாக எண்ணினேன், இருபது வருஷத்தில் முதல் முறையாக எல்லாம் சரியாக இருந்தது, இந்தக் கை வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. முழங்கால்மேல் இருந்த கையைத் தட்டிவிடத் தோன்றியது. அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், கத்திச் சொல்ல வேண்டும், உலகமே பார்க்கட்டும். அந்த ஆசை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நினைத்துப் பிறகு பல வருஷம் அவன் வெட்கப்படப்போகிறான் என்பதும் அப்போதே தெரிந்தது. சொல்லாமலே இருந்துவிட்டால்? எண் வரட்டும், விவரத்தாள் வரட்டும், அவரே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிப்பார். ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாவலாக விரல் வைத்து வருவார். மூன்றாவதுக்கு வந்ததும் விரல் நிற்கும். அந்த அறையை அவன் பார்த்துவிட்டான், மேஜை விளக்கைப் பார்த்துவிட்டான், அவர் கால்களில் இருந்த தடித்த காலுறைகளைக்கூட. அதைத் தாங்க முடியவில்லை.

"ஏன் இவ்வளவு நேரம்" என்றார் தமாரா லவோவ்னா. முதல் முறையாக அவர் குரலில் ஒரு சின்னக் கீறல். "விளிம்பு பாக்க இவ்வளவு நேரமா."

"தமாரா லவோவ்னா."

"சிரி. சிரிச்சுக்கிட்டே பேசு."

"நான் நாலு கோர்வை பண்ணிட்டேன்."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கும் அப்படியே இருந்தது. முழங்கால்மேல் இருந்த கையின் கனம் மட்டும் மாறியது, எடை குறைந்ததா கூடியதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் அவர் எண்ணத் தொடங்கிவிடுவார், ஒன்று இரண்டு என்று பின்னோக்கிப் போய் அந்த மூலைக்கு வந்துவிடுவார்.

"எண்ண மறந்துட்டேன்" என்றான் அவசரமாக. "நீங்க கை காட்டினதை நான் பாக்கவே இல்ல. நானாத்தான் சேத்தேன். ஜனங்க கை தட்டினாங்க இல்ல, அந்த வேகத்துல சேத்துட்டேன். சைபர் போடுவாங்க."

கை காட்டியதைப் பற்றி ஏன் சொன்னோம் என்று வார்த்தை வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் தேவைக்கு அதிகமாக ஒரு துண்டைச் சேர்த்துவிடுகிறான். தமாரா லவோவ்னா கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பக்கவாட்டு முகம், காதுக்குக் கீழே பவுடர் நிற்கிற கோடு, கழுத்தில் துடிக்கிற ஒரு நரம்பு. அரங்கத்துப் பெண்குரல் ஒலிபெருக்கியில் அவன் பெயரைத் தப்பாக உச்சரித்தது. நூற்று ஐம்பத்திரண்டு, பிறகு தசமங்கள். மொத்தத்தில் ஐந்தாம் இடம். கூட்டம் ஓவென்று பெருமூச்சு விட்டு, அதற்காக வெட்கப்பட்டதுபோலக் கை தட்டியது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அதை மூடினார்.

"முட்டாள்" என்றார், தெளிவாக, உதட்டை அசைத்து. ரஷ்ய மொழி தெரிந்த எல்லோரும் படிக்கும்படி. "மூணு வரைக்கும் எண்ணத் தெரியல உனக்கு."

"ஆமாம்."

"எழுந்திரு."

எழுந்தான். நின்றதும் இடுப்பு முழுவதுமாக விழித்துக்கொண்டது, பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். துணித் திரைக்குப் பின்னால் நிருபர்கள் கம்பித் தடுப்பின் மேல் மைக்குகளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் தள்ளி கெனாதி ஸ்தெபானவிச் தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், பேசுவதைவிட அதிகமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தமாரா லவோவ்னா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு முதல் மைக்கின் முன்னால் போய் நின்றார். பையன் எண்ண மறந்துவிட்டான் என்றார். அடுத்த மைக்கில், உற்சாகத்தில் எண்ண மறந்துவிட்டான், இது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நடக்கும் என்றார். மூன்றாவதில் குரல் இன்னும் உறுதியாக இருந்தது. ஒவ்வொரு மைக்காகப் போகப் போக அந்தப் பொய்க்குக் கைகால் முளைத்தது, நிறம் வந்தது, அவன் பின்னால் நின்று தலையை ஆட்டினான், ஆமாம், ஆமாம், என் தவறுதான். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் நம்பிவிட்டார் என்று நினைத்தான், நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதிக்குள் கால் வைத்து நிற்கப் பார்த்தான், பனியில் நிற்பதுபோல மெதுவாக, எடையை மாற்றி மாற்றி. அப்போதுதான் அது தட்டுப்பட்டது. எங்கே என்று அவர் கேட்கவில்லை. எந்தத் தாவலில் எண்ணிக்கை தப்பியது, எங்கே கூடுதலாகச் சேர்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிற்சியில் கால்விரல் ஒரு அங்குலம் தள்ளிப் பட்டால்கூட ஆட்டத்தை நிறுத்தி எங்கே, எந்த இடத்தில், காட்டு என்று கேட்காமல் விட்டவரே இல்லை. கடைசி மைக்கை விட்டு விலகி அவர் இவன் பக்கம் திரும்பி நடந்து வந்தார். இரண்டு கைகளும் கோட்டுப் பைகளுக்குள் ஆழமாக இருந்தன. அவன் முகத்தைப் பார்க்காமல், "போகலாம், கால் மரத்துப் போகும்" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. கதவு அவர் பக்கம்தான் இருந்தது, ஆனால் கையை வெளியே எடுக்காமல் தோளால் தள்ளித் திறந்துகொண்டு முன்னால் போனார்.